ஒரு ஆத்துமாவுக்காக

மருமகளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று மகன் தடை போட்ட அன்றைக்கே அன்னம்மாவுக்கு ஜெபத்தில் புது உற்சாகம் வந்துவிட்டது.

"இனிமே ஏதாச்சும் சொன்னீங்கன்னா நாங்க ராவாங்ல தனி வீடு பார்த்துக்கிட்டுப் போயிடுவோம்மா. விளையாட்டுக்குச் சொல்லல," என்றான் அருள்நேசன்.

ஒரே பிள்ளை. அவனும் போய்விட்டால் புக்கிட் செந்தோசாவின் அந்த வரிசை வீட்டில் அன்னம்மாவும் ஃப்ரிட்ஜும்தான் மிச்சம். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மாலையானால் குடும்ப ஜெபம் உண்டே! ஆண்டவரிடம் பேசாதே என்று எந்த மகன் சொல்ல முடியும்?

முதல் நாளே முழங்கால் போட்டு, கண்ணை இறுக மூடி, தெருவுக்கே கேட்கிற குரலில் தொடங்கினாள்.

"ஆண்டவரே, பேர் சொல்ல விரும்பல. ஒரு ஆத்துமா விடிஞ்சும் தூங்குது. வாசல்ல சருகு குமிஞ்சு கெடக்கு. அந்த ஆத்துமாவுக்கு நல்ல புத்தியக் கொடும்!"

மருமகள் பிரேமினி ஒற்றைக் கண்ணைத் திறந்து கணவனை முறைத்தாள். அருள்நேசன் அவசரமாக, "ஆமென்" என்றான்.

மறுநாள் விடியற்காலையில், போர்வைக்குள் கிடந்த அன்னம்மாவின் காதில் விளக்குமாற்றுச் சத்தம் விழுந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் வாசல் பளிச்சென்று இருக்கிறது. பிரேமினியின் அறைக்கதவோ சாத்தியிருக்கிறது. கூட்டிவிட்டு ஓசைப்படாமல் போய்ப் படுத்துக்கொண்டாளா, கள்ளி! அன்னம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் விடுவாளா? "செடியெல்லாம் வாடுது, ஒரு ஆத்துமாவுக்குக் கண்ணே தெரியல" என்று ஜெபித்தாள். மறுநாள் வேலியோரத் தொட்டிகளில் தண்ணீர் நின்றது. "ஒரு ஆத்துமா கதவச் சாத்திக்கிட்டுப் பார்க்கற சீரியல் சத்தத்துல வேதம் வாசிக்க முடியல" என்று முறையிட்டாள். அதோடு சீரியல் சத்தமும் நின்றுபோனது.

பக்கத்து வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்த வேலம்மாவிடம் வேலியோரம் நின்று பீற்றிக்கொண்டாள்.

"நான் கேட்டு ஆண்டவர் இல்லைன்னு சொன்னதில்ல, வேலம்மா."

"தெரியும் அக்கா. நடுச்சுவரு மெலிசுதானே, எல்லாம் காதுல விழுது," என்றாள் வேலம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

வேற்று மதத்துக்காரிக்கே எவ்வளவு பயபக்தி என்று அன்னம்மா பூரித்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான ராசாவின் சபையில் போதகர், "ஜெபிக்கறப்ப ஆண்டவரைப் பார்த்துப் பேசுங்க, பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்துப் பேசாதீங்க," என்றார். 'நல்லாக் கேட்டுக்க' என்பதுபோல அன்னம்மா மருமகளை முழங்கையால் இடித்தாள்.

பிரேமினியும் கேட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. அடுத்த ஜெபத்தில் அவளே முந்திக்கொண்டாள்.

"லார்ட், சில பேர் உம்மகிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசறாங்க லா. அவங்க வாய்க்குக் கொஞ்சம் ரெஸ்ட் கொடும்."

"ஆமென்," என்றான் அருள்நேசன், பழக்கதோஷத்தில்.

பெற்ற பிள்ளையே ஆமென் சொல்லிவிட்டானே! அன்னம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"ஆண்டவரே! அந்த ஆத்துமாவோட எனக்கு இனி ஒத்துவராது. வேற வீட்டைக் காட்டி அனுப்பிவிடும்!"

இந்தத் தடவை யாரும் ஆமென் சொல்லவில்லை. அருள்நேசன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டில் ஜெபமும் இல்லை, பேச்சும் இல்லை. அவன் வாசல் கேட்டருகே நின்று போனில் மெல்லப் பேசும்போதெல்லாம், வீடு பார்க்கிறானோ என்று அன்னம்மா ஜன்னலோரம் போய்க் காதைத் தீட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வெளியே லோரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

மகன் வீடு மாறக் கிளம்பிவிட்டான் என்றே நினைத்தாள் அன்னம்மா. இருந்த இடத்திலேயே முழங்கால் போட்டாள். இந்த முறை குரலே எழும்பவில்லை. 'ஆண்டவரே, இத்தனை நாளும் உம்மகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. உம்ம பேரை வச்சு அந்தப் பிள்ளையத் திட்டுனேன். வெட்கமா இருக்கு. என்னை மன்னிச்சிடும்.'

ஓடிப்போய் மருமகளின் கதவைத் தட்டினாள்.

"பிரேமினி, போயிடாதம்மா! நான் பண்ணது ஜெபமே இல்ல. நீயும் வாய் திறக்காம நான் கேட்டதெல்லாம் செஞ்ச. அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல. என்னை மன்னிச்சிக்கம்மா."

பிரேமினி கதவைத் திறந்து, தூக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"நாங்க எங்க மாமி போறோம்? நீங்க கேட்டதுல நான் எதைச் செஞ்சேன்? அந்தக் கோவத்துல விளக்குமாத்தைத் தொடக்கூட இல்லையே. சீரியல் பார்க்கற பழக்கமும் எனக்கு இல்ல."

பிள்ளை போகவில்லை என்றதும் அன்னம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் லோரி யாருக்கு? வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கட்டிலும் அலமாரியும் லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. கையில் ஒரு பையோடு வேலம்மா நின்றிருந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்க கிளம்பிட்ட வேலம்மா?"

"கலும்பாங்குக்கு, தங்கச்சி வீட்டுக்கு."

"என்ன இப்படித் திடீர்னு? யாரு உன்னை என்ன சொன்னது?"

"என் வாசலோட உங்க வாசலையும் கூட்டுனேன், உங்க செடிக்குத் தண்ணி ஊத்துனேன், சீரியல் பார்க்கறதையும் விட்டேன்; அப்பவும் என்னைய அனுப்பிவிடச் சொல்லி உங்க சாமிகிட்டயே சொல்லிட்டீங்களே, அதுக்கு மேல நான் யாருகிட்டக்கா போயி நியாயம் கேக்கறது?"