ஆறு பதிவர்களுக்கு ஒரு சஹன்

“வலைப்பூ வளர வேண்டுமென்றால் சக பதிவர்களோடு உறவை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று முதன்முதலில் எழுதிய மகான் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கற்பிட்டியிலிருந்து பஸ் ஏறிப் போய் அவரை நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். இத்தனை வருடமாகியும் என் கோபம் சூடு குறையவில்லை. (அதில் பாதி என்மேல் எனக்குள்ள கோபம். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.)

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பு வரை படித்த முதல் ஆள் நான். வாப்பா கடலுக்குப் போகிறவர், கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுகிறவர். நானோ தோணிப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், நெட் கஃபேயில் குந்தி வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பதிவின் தலைப்பு ‘அஸ்ஸலாமு அலைக்கும் உலகமே’. உலகம் பதில் ஸலாம் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த அறிவுரை கண்ணில் பட்டது. மற்றவர்களின் பதிவுகளைப் படி, பின்னூட்டம் போடு, அவர்கள் உன்னிடம் வருவார்கள். நானும் தேடித் தேடி ஆறு பேரைப் பிடித்தேன். மழைத்துளி, முரட்டுத் தமிழன், கட்டாரில் இருந்து எழுதிய பாலைவனப் பயணி, இன்னும் மூவர். அவர்கள் எழுதியதையெல்லாம் வரி வரியாகப் பாராட்டினேன். ஆறு பேரும் வந்தார்கள். “கண் கலங்கிவிட்டது தோழரே” என்றார்கள்.

ஒருமுறை மழைத்துளிக்கும் முரட்டுத் தமிழனுக்கும் மரபுக் கவிதையா, புதுக்கவிதையா என்று பெரும் சண்டை. ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, சகோதரத்துவத்தை விளக்கி, சமாதானம் செய்து வைத்தேன். இருவரும் தனித்தனியாக நன்றி சொன்னார்கள். நெட் கஃபேயில் வைத்தே அழுதுவிட்டேன். (அழுததற்கும் சேர்த்துத்தான் இப்போது கோபம்.)

வாப்பா ஒருநாள் கேட்டார். “எழுதுறாய் எழுதுறாய், ஆர்டா வாசிக்கிற?”

“பெரிய பெரிய ஆக்கள் வாசிக்கிற வாப்பா. ஆறு பேர்.”

“அப்ப கூப்பிடு, பாப்பம். வந்தாங்கண்டா இன்னும் ஒரு வருசம் எழுது, நான் வாய் தொறக்க மாட்டன். வரல்ல எண்டா ஞாயித்துக்கிழமை என்னோட தோணியில ஏறு.”

ஆறு பேருக்கும் அழைப்பு அனுப்பினேன். ஆறு பேரும் வருவதாகப் பதில் போட்டார்கள். கட்டார்க்காரர் லீவில் வந்திருப்பதாகவும் எழுதினார். உம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். “ஆறு பேரெண்டா சரியா ஒரு சஹன்!”

எங்கள் பக்கம் விருந்தென்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கோழி வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. ஆள் நிறையும்வரை யாரும் கை வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சிலாபம் பஸ்ஸில் ஒரே ஒருவர் வந்திறங்கினார். பெயர் மனோகரன், ஏதோ கந்தோரில் குமாஸ்தா வேலை. “நான்தான் மழைத்துளி” என்றார். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களாம். வாப்பா அவரைச் சஹன் முன்னால் இருத்தினார். மனுசன் பசியில் கையை நீட்டினார்.

“பொறுங்க தம்பி,” என்றார் வாப்பா. “மத்த அஞ்சு பேரும் வரட்டும்.”

அரை மணித்தியாலம் போனது. மனோகரன் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முரட்டுத் தமிழனுக்குக் காய்ச்சல் எண்டு நினைக்கிறன், ஐயா.”

“பாவம். மத்தவங்க வருவாங்கதானே?”

“பாலைவனப் பயணிட மனிசிய ஆஸ்பத்திரியில வச்சிருக்காம்.”

“யா அல்லாஹ்! சிலாபம் ஆஸ்பத்திரியா? மச்சான்ட வேன் ஈக்கிது. வாங்க, இப்பவே போய்ப் பாத்துட்டு வந்து சாப்பிடுவம்.” வாப்பா சட்டையை எடுக்க எழும்பிவிட்டார்.

மனோகரன் சோற்றைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். “ஐயா, இருங்க. எல்லாரும் வந்திட்டாங்க.”

“எங்க?”

அவர் தன் நெஞ்சில் கை வைத்தார். “ஆறும் நான்தான்.”

நான் குறுக்கிட்டேன். “அப்ப அந்தக் கவிதைச் சண்டை?”

“அதுவும் நான்தான். தொடங்கிட்டன், நிப்பாட்டத் தெரியல்ல. நீங்க சமாதானம் பண்ணினது பெரிய உதவி, தோழர்.”

“ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?”

“என்ட பக்கத்துக்கு ஒருத்தரும் வாறல்ல. அதால நானே ஆறு பேரா வந்தன். பிறகு நீங்க வந்தீங்க.”

“அப்ப விருந்துக்கு ஏன் ஆறு பேரும் வாறதாச் சொன்னீங்க?”

“அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டீங்க. ஒருத்தருக்கும் மாட்டன் எண்டு சொல்ல மனம் வரல்ல.”

அப்போதுதான் உறைத்தது. எனக்கு இருந்த வாசகர் ஒருவர். அவருக்கு இருந்த வாசகன் நான் மட்டும். மாதக்கணக்காக இரண்டு பேர் மாறி மாறி முதுகு சொறிந்திருக்கிறோம், அதற்கு இலக்கிய உறவு என்று பெயர் வேறு! அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன்.

“டேய், உடு! விருந்தாளி,” என்றார் வாப்பா. என் தோளை அழுத்தி அந்தச் சஹனிலேயே இருத்தினார். தானும் இருந்து, தன் மச்சானையும் பக்கத்து வீட்டார் இருவரையும் கூப்பிட்டு ஆளை நிரப்பினார். உலகத்தில் யாரை அடிக்க நினைத்தேனோ அவனோடு ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டேன். உம்மாவோ, “இது மழைத்துளிக்கு, இது முரட்டுத் தமிழனுக்கு” என்று துண்டு துண்டாகக் கோழியை அவர் பக்கமே வைத்துக்கொண்டிருந்தா. ஆறு பேர் பங்கையும் மனுசன் குறைவைக்காமல் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு நான் வழக்காடிப் பார்த்தேன். “வாப்பா, சொன்ன ஆறு பேரும் வந்ததுதானே?”

“ஓம், வந்தாங்க. ஆனா ஆறு பேருக்கும் ஒரு வயிறுதானே ஈந்திச்சு.”

ஞாயிற்றுக்கிழமை தோணியில் ஏறினேன். உச்சமுனை தாண்டும்வரை நான் வாந்தியெடுக்க, வாப்பா எதிரே வந்த தோணிக்காரர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொன்னார். கரைக்குத் திரும்புவதற்குள் களப்புக் கரை ஊர்கள் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் பதிவு எதற்கும் அத்தனை வாசகர் கிடைத்ததில்லை.

பல வருடம் கழித்துப் புத்தளத்தில் எனக்குப் பெண் பேசப் போனோம். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து நூற்றைம்பது பேர் வருவோம் என்றார் வாப்பா. பெண்ணின் வாப்பா தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நூத்தம்பது பேரா, நூத்தம்பது வயிறா?”

உள்ளறையிலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் மனைவியின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான். இன்றைக்கும் விருந்தாளி வருகிறார்கள் என்று சொன்னால் அவள் அதே கேள்வியைக் கேட்டு, அதே சிரிப்பைச் சிரிக்கிறாள். நான் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.