பீர்க்கங்கொடியில் ஓர் அபூர்வ வண்டு

உயிரே போனாலும் வண்டைக் கையால் தொடுவதில்லை என்று நான் முடிவெடுத்தபோது எனக்கு வயது ஆறு. அதற்குப் பிறகு எத்தனையோ முடிவுகள் எடுத்தேன். காபியை விடுவது, தினமும் நடப்பது, மனைவியிடம் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசிவிடுவது. எல்லாம் காற்றோடு போயிற்று. இந்த ஒன்றுதான் இத்தனை வருடம் நின்றது.

சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆறு கால், இரண்டு மீசை, எந்தப் பக்கம் பறக்கப் போகிறோம் என்று அதற்கே தெரியாது. காதுக்குள் போகலாம். சட்டைக்குள் போகலாம். போனது திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? புலியாவது நேராக வரும்.

இந்தப் பயம் என் மனைவி கவிப்பிரியாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அவள் பாரிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் தம்பி தமிழரசு தண்ணீர்ப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டு, வந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவன். மாப்பிள்ளை வண்டுக்குப் பயப்படுகிறார் என்ற செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அப்புறம் ஒரு காதுகுத்துக்குக்கூட நான் அங்கே தலைகாட்ட முடியாது. அதனால் வீட்டில் கரப்பான் வந்தால், "பாவம், அதுவும் ஒரு உயிர்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக இப்படித்தான் மானத்தைக் காப்பாற்றி வருகிறேன்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கவிப்பிரியா தோட்டம் போட்டபோதும் முழுமனதாக ஆதரித்தேன். கீழே இருந்தபடி. போன வாரம் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு பீர்க்க இலையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இலை சல்லடையாகியிருந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில், பளபளவென்று ஒரு வண்டு. என்னையே பார்த்தது.

"இன்னாங்க இது? கொடி பூரா இதான் கீது. வெயில் ஏறதுக்கு முன்னாடி மந்தமா ஒக்காந்துகினு இருக்குமாம். அப்பவே கையால பொறுக்கி சோப்புத் தண்ணில போடணும்னு தோட்ட குரூப்ல சொல்றாங்க."

"யார் பொறுக்கணும்?"

"நீங்கதான். காலைல எனக்குச் சமையலு, பாப்பா ஸ்கூலு. நீங்க சும்மா பல்லு வெளக்கிகினு நிக்கிறீங்க."

இரண்டு அடி பின்னால் போனேன். ஆனால் மூளை வேலை செய்தது. ஆபீசில் அது இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"அவசரப்படாதே பிரியா. முதல்ல இது என்ன வண்டுன்னு தெரியணும். நல்ல வண்டா இருந்துட்டா?"

கை எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு நீட்டிப் படம் எடுத்தேன். நாலு படம் கலங்கிப் போய், ஐந்தாவது தேறியது. பூச்சியை அடையாளம் சொல்லும் ஆப் ஒன்று போனில் இருந்தது. பார்த்தவுடன் சொல்லிவிட்டது. சிவப்புப் பூசணி வண்டு. இலை வண்டு வகை. பூசணி, வெள்ளரி, பீர்க்கு இலைகளைத் தின்னும். எங்கும் சர்வசாதாரணமாகக் காணப்படும்.

திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன்.

"பிரியா! இது அபூர்வ வண்டு!"

"அப்படியா?"

"அழிஞ்சுகிட்டு வர்ற இனம். கை பட்டா கேஸ் ஆயிடும். இந்தியா பூரா மொத்தம் இருபதுதான் இருக்காம்."

"நம்ம கொடியில மட்டும் நாப்பது கீதே?"

"அதான் சொல்றேன். மத்த இடத்துல அழிஞ்சுது, இங்க வந்து பெருகுது."

கவிப்பிரியா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் பக்தி இருந்தது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்து ஒரு படம் கிடையாது.

மறுநாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மேசைக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். லேப்டாப்பை ஒட்டி, சாப்பாட்டில் ஈ மொய்க்காமல் மூடும் வலைக்கூடை கவிழ்ந்திருந்தது. உள்ளே பீர்க்க இலைகள். இலைகளின் மேல் அபூர்வங்கள் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"பிரியா!"

"மாடியில காக்கா, அணிலு எல்லாம் சுத்துது. அபூர்வமானதை அங்க விடலாமா? கண்டுபிடிச்சவரு நீங்க, உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும். மணிக்கொரு தரம் கூடையத் தூக்கி எலைய மாத்துங்க. பாவம், பசி தாங்காது."

"நானா? நீயே மாத்தேன்."

"ஐயோ, நான் தொட்டா கேஸ் ஆயிடுமே! எலையோட கிள்ளிகினு வர்றதுக்குள்ளயே எனக்குப் பயமாப் போச்சு."

சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் வண்டுகளும் தனியாக இருந்தோம். உட்கார்ந்தேன். எழுந்தேன். நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் வலையின் ஓரத்தில் ஒரு கிழிசல் கண்ணில் பட்டது. ஒரு வண்டும் அதைப் பார்த்துவிட்டது. மெதுவாக அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் மீட்டிங். திரையில் மேலாளர் ரகுநாதன்.

"ஜெகதீசன், அந்த ரிப்போர்ட் என்னாச்சு?"

"வருது சார்."

"எப்ப வரும்?"

"கிட்ட வந்துடுச்சு சார்." நான் வண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவிப்பிரியா டீயோடு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டுக் கூடைப் பக்கம் குனிந்தாள். விரலை நீட்டி எண்ணினாள். நிமிர்ந்தாள். மறுபடி எண்ணினாள்.

"ஏங்க, ஒண்ணு குறையுதே."

இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன்.

"எ... எங்க போயிருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? கதகதன்னு எடமா பாத்துப் போவுமாம். துணிக்குள்ள, காதுக்குள்ள..."

என் பின்கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. அது வியர்வை என்று பிற்பாடு தெரிந்தது. பிற்பாடு தெரிந்து என்ன பயன்? அதற்குள் நான் நாற்காலிமேல் நின்று சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தேன். பட்டன்கள் நாலாபக்கமும் தெறித்தன.

"ஜெகதீசன்! கேமராவை ஆஃப் பண்ணுங்க!" என்று ரகுநாதன் அலறினார்.

"பிரியா, அது அபூர்வம் இல்ல! சாதா வண்டு! ஊரெல்லாம் இருக்கு! எடுத்துட்டுப் போயிடு!"

"சாதா வண்டா? அப்ப பொறுக்கலாமா? கேஸ் ஆவாது?"

"ஆகாது! சத்தியமா ஆகாது!"

"அப்ப எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

பனியனோடு நாற்காலிமேல் நின்றபோதும் எனக்கு மானம் மிச்சமிருந்தது. "சோம்பேறித்தனம்" என்றேன். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த குறை. அதில் புதிதாகப் போவதற்கு ஒன்றுமில்லை.

"சரி, எறங்குங்க. நாளைக்குக் காலைல மாடிக்கு வந்துடுங்க."

மறுநாள் விடியலில் சோப்புத் தண்ணீர் மக்கோடு கொடிக்கு முன்னால் நின்றேன். கவிப்பிரியா பின்னால் போனோடு நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு விரலை நீட்டி, ஒன்றைப் பிடித்தேன். துவரம்பருப்பைவிடச் சற்றே நீளம். அதன் கால்கள் என் விரலில் குறுகுறுத்தன. பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சைகூட ஞாபகம் வந்தது. மக்கில் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை அரைக்கண் மூடிப் பிடித்தேன். கொடி சுத்தமானபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"நேத்து குறைஞ்சதே, அந்த வண்டு கிடைச்சுதா?"

"எது? நான் எங்க எண்ணுனேன்? சும்மா வெரல ஆட்டுனேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கீழே கேட்டில் பக்கத்து வீட்டு சபீனாவின் குரல் கேட்டது. இறங்கிப் போனோம்.

"இன்னாண்ணா, சூப்பரு! இப்பதான் குரூப்ல உங்க போட்டோ பார்த்துகினே வர்றேன். வெறுங்கையால பொறுக்கிக்கீறீங்க! உங்களுக்குப் பூச்சின்னா பயமே கெடையாதாமே, பிரியா எழுதிக்கீது. எங்க ஊட்டு முருங்கையில கம்பளிப்பூச்சி அடை அடையா கீதுண்ணா. எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கமே போக மாட்டேன்றாரு, பயந்தாங்கொள்ளி."

எனக்குப் பயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். சொல்லிவிடுவது என்றே தீர்மானித்தேன். தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் கவிப்பிரியா முந்திக்கொண்டாள்: "ஞாயித்துக்கெழம வருவாரு சபீனா, நீ ஏணி மட்டும் எடுத்து வெச்சிரு."