மாமியார் ஏறிய மேடையில் இடி

கலியாண வீட்டில் தன் திறமையைக் காட்டத் துடிக்கிறவனை யாரும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. எண்பதுகளின் கடைசியில், என் சொந்த அக்காவின் கலியாணத்தில், அப்படித் துடித்தவன் நான்தான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் நான் சொல்லாவிட்டால் வீட்டில் வேறு யாராவது இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

அப்போது இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். (வாசித்தேன் என்பது என் கட்சி.) குழுவுக்குப் புதிதாக எலெக்ட்ரோனிக் டிரம் பேட் வந்தது. நாலு ரப்பர் தட்டுகள், அவற்றிலிருந்து வயர் போகும் ஒரு சிந்தசைசர் பெட்டி. தட்டினால் அதிர்வு வயர் வழியே போய்ப் பெட்டி சத்தம் போடும். ஒரு தட்டுக்கு இடி. இன்னொன்றுக்கு வானத்திலிருந்து எதுவோ விழுகிற 'பியூவ்'. எவ்வளவு மெல்லத் தட்டினால் பெட்டிக்குக் காது கேட்கும் என்பதற்குத் தட்டுக்கு ஒரு திருகு. அதன் பெயர் சென்சிட்டிவிட்டி.

பழகுவதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்து லயம் என்பதால் எங்களுக்குக் கரண்ட் இருந்தது. ஒரே சுவரில் ஒட்டிய வரிசை வீடுகளில் ரகசியம்தான் இல்லை. முதல் நாளே பக்கத்து வீட்டு அண்ணன் சுவரைத் தட்டினார்.

"தம்பி, விடிஞ்சா வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கணும். கொஞ்சம் மனசு வைங்க."

மனசு வைத்தேன். குச்சியைப் போட்டுவிட்டு விரல் நுனியால் தட்டினேன். பெட்டி வாய் திறக்கவில்லை. நாலு திருகையும் கடைசிவரை திருப்பினேன். பூ விழுந்தாலும் இடி இடித்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, அப்படியே கலியாண மேடைக்குத் தூக்கிப் போனேன்.

அக்காவுக்கு ஒரு குறை சொல்வார்கள், சிரிப்பு. ஆரம்பித்தால் நிற்காது. அதனாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக உடப்புசல்லாவையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மாவும், "பொண்ணு நல்ல பொண்ணுதான். பல்லுதான் உள்ள போகவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அரைமனதாகத்தான் சம்மதித்தார்.

கலியாணத்தன்று காலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு மட்டும் என்னையச் சிரிக்க வச்சிராதடா."

தோட்டத்துப் பாடசாலையில் மேடை. மேடை என்றால் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டது. மணவறையும் அதில்தான், என் நாலு தட்டும் அதில்தான். மாப்பிள்ளையின் அம்மா, தாட்டியான பெண்மணி, தாலித் தட்டோடு ஏறினார். முதல் அடி வைத்தார். பலகை அதிர்ந்தது.

இடி.

நின்றார். கூரையைப் பார்த்தார். அடுத்த அடி. மறுபடி இடி. நான் அவசரமாக இடித் தட்டின் திருகைக் குறைத்தேன். இடிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த மற்ற மூன்றும் முழு விழிப்பில் இருப்பது நினைவில்லை. மூன்றாவது அடிக்குப் 'பியூவ்' என்றது.

(பெட்டியை அணைத்தால் போதும் என்பது எனக்கு மறுநாள் பல் விளக்கும்போதுதான் தோன்றியது.)

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு சந்தேகம் தீர, வேண்டுமென்றே ஒருமுறை மிதித்தார். பியூவ்!

அக்காவின் தோள் குலுங்கியது. பூமாலைக்குள் முகத்தைப் புதைத்தாள். பிறகு வெடித்தாள். பாடசாலை முழுக்க அந்தச் சிரிப்புதான். எங்கள் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது சம்பந்தத்தையும் நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போது இன்னொரு சிரிப்பு கேட்டது. குதிரை கனைப்பதுபோல், அக்காவுடையதைவிட மோசமாக. மாப்பிள்ளை!

அவருடைய அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இதும் எம் மகன் மாதிரிதான்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் யோசிக்கப் போறேன்? ஐயரே, சீக்கிரம் கட்டச் சொல்லுங்க. எனக்குக் கீழ எறங்கணும்."

அக்காவின் மாமியார் எனக்கு அத்தை. இப்போது அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். டிரம்ஸை நான் விட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசற்படியில் நின்று, கம்பால் தரையை இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார்.

"தம்பி, பெட்டிய அணைச்சிட்டீங்களா? உள்ள வரட்டுமா?"

"அணைச்சிட்டேன் அத்தை, வாங்க" என்கிறேன். பின்னால் நிற்கும் அக்காவுக்கு அதற்குள் ஆரம்பித்துவிடும்.