அலுமாரியில் இருந்த மஞ்சள் புத்தகம்

எங்கள் வீட்டில் ஒரு பொருளை மதிப்பது என்றால் அதைப் பாவிக்காமல் வைப்பது. சோபாவுக்குப் போட்ட பொலித்தீன் உறை நைந்து கிழிந்துவிட்டது. (சோபா இன்னும் புதிது.) நல்ல தேநீர்க் கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்க, பிடி உடைந்தவற்றில் நாங்கள் குடிக்கிறோம். இந்த ஒழுங்கு முழுவதும் என்னுடையது. இதனால்தான் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில், மண்டபம் நிறைந்த டெனிஷ்காரர் முன்னிலையில், என் மகளின் படத்தை நான் நிறுத்தினேன்.

மகள் மதுரா ஒரு சித்திரக் கதை வரைந்து புத்தகமாக்கியிருந்தாள். முதல் பிரதி எனக்கு. அட்டை முழுக்கப் பளிச்சென்ற மஞ்சள். அச்சகத்தார் சுற்றிய மெல்லிய உறையோடு அதை அலுமாரியில், நல்ல கோப்பைகளுக்கு நடுவில், நேராக நிறுத்தினேன். வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டினேன். வாசித்தீர்களா என்று மதுரா டெனிஷில் கேட்டபோதெல்லாம், "கவனமா வைச்சிருக்கிறன்" என்றேன். அதில் பொய்யில்லை.

பிறகு அந்தக் கதையையே அவளும் நண்பர்களும் படமாக எடுத்தார்கள். வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் தெரிவு செய்கிற இரண்டு பேர் முதற் காட்சிக்கு வருவார்கள், அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் படம் தன் கணினிக்குள்ளேயே கிடக்கும் என்று சொல்லியிருந்தாள். நானும் மனைவி செல்வியும் நாங்கள் இருக்கும் பிராண்டே ஊரிலிருந்து காரில் போனோம். மிகவும் முந்திப் போய்விட்டதால் (என்னோடு புறப்பட்டால் அப்படித்தான்) காருக்குள் இருந்தே இடியப்பம் சாப்பிட்டோம்.

படம் தொடங்கியது. நிறமே இல்லை.

இங்கே என் தொழிலைச் சொல்ல வேண்டும். காற்றாலைப் பாகங்களுக்குப் பூசிய நிறம் சரியா என்று பார்ப்பது என் வேலை. பிசகு கண்டால் வேலையையே நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டு. திரையிலோ பிசகைத் தவிர வேறொன்றும் இல்லை. வானம் மைக்கறுப்பு. மழை வெள்ளைக் கீறல்களாக விழுந்தது. சன்னலில் நின்ற சிறுமியின் முகத்தில் பாதியைக் காணவில்லை. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. டெனிஷ்காரர் உப்பில்லாத சாப்பாட்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு எழும்புகிறவர்கள். இதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

"மெசின் பிழை," என்று செல்வியின் காதுக்குள் சொன்னேன். "கலர் வரேல்லை."

"பேசாம இருங்கோ. அவைக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சா ஏன் பாத்துக்கொண்டு இருக்கினம்?"

குனிந்தபடி வெளியேறி, மாடியிலிருந்த மெசின் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே பகுதிநேர வேலைக்கு வந்த ஒரு மாணவி இருந்தாள். தனக்குத் தந்த படமே அப்படித்தான் என்றாள். நான் தொழிற்சாலைக் குரலை எடுத்தேன்: படம் எடுத்தவரின் தகப்பன் நான், உடனே நிறுத்துங்கள். (தகப்பன் என்பது படக்குழுவில் ஒரு பதவி என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்க வேண்டும்.) நிறுத்திவிட்டாள்.

நான் இறங்கி வந்தபோது மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. மதுரா ஒலிவாங்கியோடு மேடையில் நின்றாள். பயப்பட வேண்டாம், கலர் இப்போது வந்துவிடும் என்று வாசலில் நின்றே எல்லோருக்கும் அறிவித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிறவள், அன்று அத்தனை பேருக்கு முன்னால், ஒலிவாங்கியில், தமிழில் கேட்டாள்.

"அப்பா, புத்தகத்தைத் திறந்து பாத்தனீங்களோ?"

"உறை இன்னும் கழட்டேல்லையம்மா."

செல்வி கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மதுரா சபையோரிடம் டெனிஷில் விளக்கினாள். பிழை எதுவும் இல்லை. புத்தகத்தைப் போலவே படமும் கறுப்பு வெள்ளைதான். ஒரே ஒரு நிறம் மட்டும் வரும். அது வரப்போவது யாருக்கும் முன்கூட்டியே தெரியக்கூடாது என்று நினைத்திருந்தாளாம். படம் தெரிவு செய்கிறவர்களில் ஒருவர் மற்றவரிடம் ஏதோ முணுமுணுத்தார். பிள்ளையின் படத்தை நானே கணினிக்குள் தள்ளிப் பூட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இருக்கைக்குள் ஒடுங்கினேன்.

படம் மறுபடி ஓடியது. விடியாத காலை. சிறுமி இன்னும் சன்னலில் நிற்கிறாள். தெருமுனையில் ஒரு சைக்கிள் திரும்புகிறது. ஓட்டி வருகிறவர் போட்டிருப்பது மஞ்சள் அங்கி. இரவு வேலை செய்த காலத்தில், இருட்டில் வாகனக்காரரின் கண்ணில் பட வேண்டும் என்று நான் போட்ட அதே அங்கி. முழங்கைக் கிழிசலில் நான் அளவெடுத்து ஒட்டிய கறுப்பு நாடாகூட இருந்தது. அந்தக் கறுப்பு ஊர் முழுவதிலும் அது ஒன்றுதான் நிறம். அது வந்த பிறகுதான் சிறுமியின் முகத்தின் மற்றப் பாதி தெரிந்தது.

மஞ்சள் மிகச் சரியான மஞ்சள். தொழில் முறையில் சொல்கிறேன்.

முடிந்ததும் அந்த இருவரும் மதுராவிடம் போனார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். சைக்கிளில் வந்தவர் இவர்தானா என்றுதான் முதலில் கேட்டார்களாம். ஓம் என்றிருக்கிறாள். படம் வெளிநாடு போனது. என்னை மட்டும் அதன்பின் எந்தக் காட்சியிலும் வாசலுக்குத் தூரமான இருக்கையில், செல்விக்கும் சுவருக்கும் நடுவில்தான் இருத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினேன். டெனிஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்து முழுவதும் வாசித்தேன். ஒரு பக்கத்தில் கறிக்கறை பட்டிருக்கிறது. அதைத் துடைக்கவில்லை.

இப்போது யார் என்ன பரிசு கொண்டுவந்தாலும் செல்வி வாங்குமுன் ஒன்று கேட்பாள்: "இது வைக்கவோ, திறக்கவோ?" வந்தவர் விழிப்பார். அவருக்கு இந்தக் கதை முதலிலிருந்து சொல்லப்படும்.

போன பிறந்தநாளுக்கு மதுரா எனக்கு ஒரு புது மஞ்சள் அங்கி வாங்கி வந்தாள். உறையைத் தானே பிரித்து, அங்கியை எனக்குப் போட்டுவிட்டாள். பிறகு வெற்று உறையை ஒழுங்காக மடித்து அலுமாரிக்குள் வைத்தாள், நல்ல கோப்பைகளுக்கு நடுவில்.