கட்டில் அண்ணாச்சி பின்னிய கம்பளி

நைலான் கட்டில் வாங்கினாயாம், படுத்தால் தூளி மாதிரி குழிகிறதாம், இடுப்பு பிடித்துக்கொண்டதாம். குழியாமல் என்ன செய்யும் சரசு? நீ கட்டில் அண்ணாச்சியைப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் தாராவியில் நிமிர்ந்து நடந்த ஆள் ஒவ்வொருவரும் அவர் பின்னிய கயிற்றுக்கட்டிலில் படுத்து எழுந்தவர்தான்!

எங்கள் சாளில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில், பக்கத்து அறை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. கட்டில் பின்னி முடித்ததும் அதன் மேல் ஒரு தேங்காயைப் போடுவார். அது எம்பிக் குதிக்க வேண்டும். ஒரு தடவை குதித்த தேங்காய் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியில் போய் விழுந்தது.

"குழம்புக்குத் தேங்கா பத்தலைன்னு நேத்து சொன்னியே தங்கச்சி" என்கிறார் மனிதர்!

தளர்ந்தது எதையும் அவர் கண் பொறுக்காது. துணிக்கொடி தொங்கினால் இழுத்துக் கட்டிவிடுவார். தாயில்லாத மகள் செல்விக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். அந்த இழுப்பில் அதன் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். பாவம், பள்ளிக்கூடம் முடிக்கிறவரை எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட முகத்தோடேயே திரிந்தது.

அந்தச் செல்வியை உல்லாஸ்நகரில் கட்டிக்கொடுத்தார். பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறார்கள். பிறந்த வீட்டுச் சீர் வராவிட்டால் மாமியார் வாய்க்குச் செல்வி பதில் சொல்லி மாளாது.

"கடையில ஏதாச்சும் வாங்கிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன்.

"கடைச்சாமான் குடுக்கதுக்கு நான் எதுக்கு? கடைக்காரனே போயிட்டு வரட்டும்!"

ஒரு குட்டிக் கட்டில் பின்னினார். முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று சயான் ஸ்டேஷனில் அதோடு ரயில் ஏறப்போனார். கூட்டம் கட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டு அவரை வெளியே தள்ளிவிட்டது. கட்டில் மட்டும் கல்யாண் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது, திரும்பவில்லை.

நான்தான் சொன்னேன், மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி கம்பளி நூலில் ஒரு சின்னப் போர்வை பின்னுங்கள் என்று. கம்பளியை அவர் அதுவரை தொட்டதே இல்லை. தாதருக்குப் போய் ரோஸ் நிறத்தில் நூல் வாங்கிவந்தார். ஊசியெல்லாம் வேண்டாமாம். ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டார். நாலு காலும் கட்டில் சட்டம் ஆயிற்று. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விரலாலேயே கோத்துக் கோத்து... பூ மாதிரி வந்தது சரசு! சாளே கூடி நின்று பார்த்தது.

அவருக்கு மட்டும் முகம் சரியில்லை. "தொங்குதே தங்கச்சி. வெரலை வச்சா உள்ள போகுது."

"பிள்ளைக்குப் போத்துறதுக்கு அண்ணாச்சி! நீங்க ஏறிக் குதிக்கதுக்கா?"

கேட்டால்தானே? புதுக்கயிறு இறுகுவதற்கு நனைத்து அடித்துக் காயப்போடுவார் இல்லையா, அதே வைத்தியம். சனிக்கிழமை நான் மார்க்கெட் போன நேரம் பார்த்து, கொதிக்கிற தண்ணீரில் முக்கி, சோப்புப் போட்டு, கட்டையால் அடி அடியென்று அடித்திருக்கிறார். வந்து பார்க்கிறேன், போர்வை சுருங்கி அடை மாதிரி கிடக்கிறது. அதே தடிமன், அதே அகலம்!

"இப்ப இறுகிருச்சு" என்றார். அப்புறம் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நான் போகல தங்கச்சி. இதைக் கொண்டுபோய் நீட்டுனா என் பிள்ளையத்தான் சிரிப்பாங்க."

"அப்பன் வராம அவ தனியா நின்னா மட்டும் சிரிக்க மாட்டாங்களாக்கும்? கெளம்புங்க, நானும் வாறேன்!"

ஞாயிற்றுக்கிழமை, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, சபையில் மாமியார் கேட்டேவிட்டாள்: "சீர் எங்க சம்பந்தி?"

அண்ணாச்சி அக்குளிலிருந்து அதை உருவினார். ஒரே சிரிப்பு. "என்னது, கம்பளியில ஊத்தப்பமா?" என்றாள் மாமியார்.

செல்வி எழுந்துவந்து வாங்கினாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. "எங்கப்பா பின்னுனதுதான், சந்தேகமே இல்ல" என்று சிரித்துக்கொண்டே, மாமியார் மடியில் பிள்ளைக்கு அடியில் விரித்தாள்.

விரித்த நிமிஷமே பிள்ளை மூத்திரம் போய்விட்டது. மாமியார் கட்டியிருந்ததோ புதுப்பட்டு! பதறித் தூக்குகிறாள். புடவையைத் தடவிப் பார்க்கிறாள். மறுபடியும் தடவுகிறாள்.

"ஒரு சொட்டு எறங்கலையே! சம்பந்தி, இன்னும் நாலு கெடைக்குமா?" என்று பிள்ளையை அண்ணாச்சி கையில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் எங்கள் சாளில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அண்ணாச்சியிடமிருந்து கம்பளி அடை போய்விடும்.

அன்று திரும்பும்போது வண்டியில் அவர் கம்பியைப் பிடிக்கவே இல்லை. இரண்டு கையையும் ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் மேலாவது சாய்ந்து, "அரே பாபா, சீதா கடே ரஹோ!" என்று, நேராக நிற்கச் சொல்லி இந்தியில் திட்டு வாங்கினார்.

"கம்பியப் பிடிங்க அண்ணாச்சி, விழுந்துருவிய."

"கையில பேத்தி வாசம் இருக்கு தங்கச்சி. கம்பியில தொடைக்க மனசில்ல."

சயான் வரைக்கும் நான்தான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தேன்.

அய்யோ, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நகரு சரசு, குடத்தை எடு!