ஆத்தூரில் நான் விசாரித்தது பற்றி சம்பந்திக்கு ஒரு விளக்கம்

முத்தையாபுரம்,
புரட்டாசி 14.

மரியாதையிலும் வயதிலும் என்னைவிட மூத்தவராகிய சம்பந்தி, ஆத்தூர் வெற்றிலை மண்டி செல்வதுரை அவர்களுக்கு, தாணுலிங்கம் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளை லிங்கராஜும் சகல சௌகரியங்களோடும் இருக்கச் செந்திலாண்டவன் துணை நிற்பானாக. இங்கே என் மனைவி சண்முகத்தாயும் மகள் இந்துமதியும் சுகம். என் சுகத்தைப் பற்றி, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தபின் தாங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

நேற்று முன்தினம் தங்கள் தம்பி செந்தூர்பாண்டி எனக்குப் போன் செய்தார். "நிச்சயதாம்பூலம் மாத்தி ஒரு மாசம் ஆச்சு. இப்பப் போயி எங்க குடும்பத்தப் பத்தி ஊருக்குள்ள விசாரிக்கியளாமே, அப்படி என்ன கொறையக் கண்டிய?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வருத்தமாகக் கேட்டார். "சிக்னல் விட்டு விட்டு வருது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் குடும்பத்தில் எள்ளளவும் குறை கிடையாது. குறை முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. அது எப்படி ஆத்தூர் வரைக்கும் பஸ் ஏறி வந்தது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

நிச்சயத்தன்று பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், தங்கள் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு மண்டியில் இரண்டு பேருக்கு வெற்றிலைக் கட்டு எடுத்துக் கொடுத்து வந்தாலும் அது பாட்டுக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதாகத் தாங்கள் சொன்னீர்கள். அது பொதுவாகச் சொன்னது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அத்தனை பேர் நடுவில் நான்தான் வாயைத் திறந்தேன். "அது ஹார்டு டிஸ்க் போயிருக்கும். புதுசு மாட்டி விண்டோஸ் ஏத்திட்டாப் போதும். குடுத்து விடுங்க, துறைமுகத்துல பத்து டன் கிரேனையே பிரிச்சு மாட்டினவன் நான்" என்றேன். கிரேன் ஃபிட்டராக முப்பத்தோரு வருஷம் இருந்தது நிஜம். ஹார்டு டிஸ்க் பற்றி நான் சொன்னது, அதற்கு முந்தின வாரம் இந்துமதி தன் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பற்றி யாரிடமோ போனில் சொன்னதைக் காதில் வாங்கியது. அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது.

தாங்களும் நம்பி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினீர்கள். போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "சம்பந்தி, பத்திரிகை வைக்க வேண்டிய லிஸ்ட்டு அதுலதான் இருக்கு. எழுநூத்து முப்பது வீடு. கல்யாணப் பேச்சு எடுத்ததுல இருந்து மூணு மாசமா ஒத்த வெரலால தட்டுனது. அது மட்டும் பத்திரம்." நானும் "நான் இருக்கேம்லா" என்றேன். நான் இருந்ததுதான் பிரச்சினை.

இந்துமதி வேலைக்குப் போன பிறகு, யூடியூபில் ஒரு பையன் சொல்லச் சொல்ல லேப்டாப்பைக் கழற்றினேன். மொத்தம் பதினொரு ஸ்க்ரூ. வரிசை மாறிவிடக் கூடாதே என்று இட்லித் தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாகப் போட்டுவைத்தேன். குளிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால் சண்முகத்தாய் அத்தனையையும் ஒரு டம்ளரில் கொட்டிவிட்டு, தட்டில் மாவு ஊற்றி அடுப்பில் ஏற்றியிருந்தாள். "ஏளா, அது வரிசையாக்கும்" என்றேன். "எல்லாம் ஒரே மாதிரித்தான இருந்திச்சு" என்றாள். பூட்டி முடித்தபோது இரண்டு மிஞ்சின. அவற்றைத் தனியே பொட்டலம் கட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

புது டிஸ்க் வாங்கப் போன கடையிலும் மானம் போயிற்று. கடைக்காரப் பெண் பெனிஷா கையில் வைத்தது ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்லை. காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லியம்மா, காலிப் பெட்டியத் தாரியே" என்று சத்தம் போட்டேன். "அண்ணாச்சி, இதுல சுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது, அதான் சத்தம் வரல" என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னது. "நாங்களே மாட்டித் தாரோம், குடுத்துட்டுப் போங்க" என்றும் சொன்னது. சம்பந்தி, அந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. "எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, பழைய டிஸ்க்கைப் போட்டு வெளியிலிருந்து சொருகிக்கொள்ள ஒரு உறையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதுசை மாட்டி ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. விண்டோஸ் இருந்ததே பழைய டிஸ்க்கில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைப் பென் டிரைவில் இறக்கி, அதிலிருந்து ஏற்ற வேண்டுமாம். இந்துமதியின் லேப்டாப்பை அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். ஒரு பக்கம் பென் டிரைவைச் சொருகினேன். அப்படியே தங்கள் லிஸ்ட்டையும் எடுத்துவிடலாமே என்ற நல்லெண்ணத்தில் மறுபக்கம் பழைய டிஸ்க்கையும் சொருகினேன். எதில் இறக்கட்டும் என்று அது கேட்டது. பென் டிரைவ் ஒன்றைத்தான் காட்டியது. ஒண்ணத்தான காட்டுது, இன்னொண்ணு எங்கன போச்சுன்னு, எல்லாத்தையும் காட்டுன்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சேன். ரெண்டும் வந்துது. பெருசுல எறக்குனா எடம் தாராளமா இருக்குமேன்னு பெருசத் தொட்டேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று இங்கிலீஷில் கேட்டது. இங்கிலீஷ்ல எந்தக் காயிதம் வந்தாலும் வாசிக்காம கையெழுத்துப் போட்டே முப்பத்தோரு வருசம் ஓட்டினவன் சம்பந்தி நான். ஓகேன்னு அமுக்கிட்டேன்.

அது பாட்டுக்கு ஓடி முடிஞ்சுது. தங்கள் லேப்டாப்புலயும் விண்டோஸ் ஏறிட்டு. ஆன் பண்ணினா ஒம்பது செகண்டுல தொறக்கு. அந்தச் சந்தோசத்துல சண்முகத்தாயக் கூப்பிட்டு மூணு வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டினேன். அவள் நின்று பார்த்துவிட்டு, "அவுங்க லிஸ்ட்டு எங்க?" என்று கேட்டாள். பழைய டிஸ்க்கைத் திறந்து பார்த்தோம். அதில் விண்டோஸைத் தவிர ஒன்றும் இல்லை.   மகளிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பெனிஷாவிடமே ஓடினேன். அந்தப் பிள்ளை இரண்டு நாள் வைத்திருந்து, தங்கள் போட்டோக்களையும் பக்திப் பாடல்களையும் மீட்டுத் தந்துவிட்டது. லிஸ்ட் மட்டும் வரவில்லை. "அது இருந்த எடத்து மேலயே எழுதிட்டிய அண்ணாச்சி" என்றது.

உள்ளதைச் சொல்ல அன்றைக்கே தங்களிடம் வந்திருக்க வேண்டும். பெண்ணைக் கொடுக்கிற வீட்டில், கல்யாணத்துக்கு முன்னாலேயே, வாய்தான் நீளம் கை ஆகாது என்று பேர் வாங்கிவிடுவோமே என்று பயந்தேன். எல்லாரும் ஆத்தூரில்தானே இருக்கிறார்கள், நாமே போய்க் கேட்டு லிஸ்ட்டைத் திரும்ப எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். டீக்கடையில் உட்கார்ந்து, வெற்றிலை மண்டி செல்வதுரைக்கு யார் யார் சொந்தம், யார் யார் பழக்கம் என்று கேட்டு எழுதினேன். அவங்களும் நல்லாத்தான் சொல்லிட்டு வந்தாங்க. வைக்கக் கூடாத வீட்டுக்குப் பத்திரிகை போயிரக் கூடாதேன்னு, "அவருக்கு யார் யார்கூடப் பேச்சுவார்த்தை இல்ல?"ன்னு கேட்டேன். டீ குடிச்சிட்டு இருந்தவங்க எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தாங்க. டீ ஆத்துனவர், "நீங்க யாரு, எங்கன இருந்து வாரிய?" என்றார். பதட்டத்தில் "பொண்ணுக்கு அப்பா" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதுவரை சொன்ன நாற்பத்து மூன்று வீட்டோடு நோட்டை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அடுத்த ஊரான முக்காணி தாண்டும் முன்னே தங்கள் தம்பி போன் வந்துவிட்டது.

இவ்வளவுதான் சம்பந்தி நடந்தது. தங்களைப் பற்றி அந்த ஊரில் ஒருவர்கூடக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். இதில் இந்துமதிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. என் பேச்சுக்காக அவளைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். அந்த வீட்டில் காலை வைக்கும் முன்னே என் மகள் தலைகுனியும்படி ஆகிவிடுமோ என்பது ஒன்றுதான் என் கவலை. தாங்கள் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு வருகிறேன். தாங்கள் ஒவ்வொரு வீடாகச் சொல்லுங்கள், எழுநூற்று முப்பதையும் நானே தட்டுகிறேன். எனக்கும் ஒற்றை விரல்தான். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு என் ஆசியையும், தம்பி செந்தூர்பாண்டிக்கு என் மன்னிப்பு வேண்டுதலையும் சேர்ப்பித்து, தாங்களும் பெரிய மனது பண்ண வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தாணுலிங்கம்.

பி.கு.: இதைக் கவரில் போட்டு மேல்விலாசம் எழுதிக்கொண்டிருக்கையில் இந்துமதி வேலையிலிருந்து வந்துவிட்டாள். "மாமாவுக்கு எதுக்குப்பா லெட்டர்?" என்று வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். லேப்டாப்பை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கு முந்தின நாளே, மாப்பிள்ளை அதிலிருந்த எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டாராம். எழுநூற்று முப்பது வீடும் அதில் பத்திரமாக இருக்கிறதாம். அவருக்கு எப்படி அப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்கப்பா கைக்குப் போவுது, எதுக்கும் ஒரு காப்பி எடுத்துக்கிடுங்கன்னு நாந்தான்ப்பா சொன்னேன்" என்கிறாள். சொன்ன உடனே மறுபேச்சில்லாமல் எடுத்தாராம். சம்பந்தி, இந்தப் பொருத்தம் நூற்றுக்கு நூறு. மேலே நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடவும்.