எல்லாப் பேரும் முதலில் வரும் பட்டன்

இரண்டாயிரங்களில் விருதுநகர் வட்டாரத்தில் காது குத்திய குழந்தைகள் பல, ஊசி படுவதற்கு முன்பே வீறிட்டு அழுதன. எல்லாரும் ஆசாரி மேல் பழியைப் போட்டார்கள். ஆசாரி நிரபராதி. ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தது நான்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். ராகுகாலமும் எமகண்டமும் இடம் மாறிவிடாமல் காவல் காக்கிற வேலை. அதில் மிஞ்சிய நேரத்தில், நான் ஒரு பாடலாசிரியன், போதாததற்குப் பாடகன் என்ற எண்ணம் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் 'பாட்டு எழுதுகிறேன்' என்று சொல்லித்தான் கல்யாணமே முடித்தேன். என் மொத்தப் படைப்பும் ஊரார் தாய்மாமன்களின் பெயர்கள்தான் என்பது மனைவிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இந்தக் குற்றத்தில் என் கூட்டாளி டெமோ அண்ணாச்சி. கம்ப்யூட்டர் என்று ஒன்று உண்டான நாள் முதலாக, ஒரு மென்பொருள் கம்பெனியை அவரளவுக்கு மதித்தவரும் இல்லை, அவரளவுக்கு இழுத்தடித்தவரும் இல்லை.

விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கோடவுனுக்கு மேலே, மாடியறையில் அண்ணாச்சியின் ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை. கீழே மூட்டையை உருட்டும்போது வத்தல் நெடி படியேறி வரும். அங்கே பாடியவர்கள் எல்லாரும் கண்ணீர் மல்கப் பாடினார்கள். கேட்டவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் அவரிடம் ஒன்று இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, ஆனால் வெறும் டெமோ. காசு கட்டாதவர்களும் அதில் பதிவு செய்யலாம், தாளம் சேர்க்கலாம், முடிந்த பாட்டை சிடியில் ஏற்றலாம். ஆனால் செய்த வேலையைச் சேமித்து வைத்து மறுபடி திறக்க முடியாது. கம்ப்யூட்டரை அணைத்தால் அவ்வளவும் போச்சு. நாளைக்கு யாராவது ஒரு திருத்தம் சொன்னால் முதலிலிருந்து பாட வேண்டும்.

"பாடுறது ஓசி. ஞாபகம் வச்சுக்கிறதுக்குத்தான் காசு கேக்கான். வெவரமான ஆளு" என்பார் அண்ணாச்சி.

ஆகவே அவர் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. மின்வெட்டுக் காலத்தில் பழைய லாரி பேட்டரி ஒன்றை இன்வெர்ட்டரில் மாட்டி, வீட்டு ஃபேனையும் கழற்றிக்கொண்டு வந்து அந்தப் பெட்டிக்கு வைத்தார். "நான் அடுப்படியில வெந்து சாகுதேன், பொட்டிக்கு வேர்க்குதுன்னு வீசி விடுறாக" என்று அவர் மனைவி தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

பூட்டை உடைத்த முழுப்பதிப்பு மதுரையில் டீ, வடைக் காசுக்குக் கிடைத்த காலம் அது. அண்ணாச்சி தொட மாட்டார். இந்தத் தொழிலுக்கு வருமுன் அவர் சிவகாசியில் பட்டாசு லேபிளுக்குப் படம் வரைந்தவர். மத்தாப்புப் பெட்டிக்கு, முயல் நாதஸ்வரம் வாசிப்பதுபோல ஒரு படம் போட்டார். அடுத்த சீசனில் வேறொரு கம்பெனிப் பெட்டியில் அதே முயல் அதே நாதஸ்வரத்தை வாசித்தது. பக்கத்தில் தவிலுக்கு ஒரு பூனையைச் சேர்த்திருந்தார்கள்.

"அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்ச மாதிரிதான அந்த வெள்ளக்காரனுக்கும் எரியும்?"

"அப்போ காசு கட்டி வாங்கிருங்க அண்ணாச்சி."

"கேட்டதப் போடட்டும், கட்டுதேன். கடையில சட்டை வாங்குனாக்கூட பித்தான் சரியா இருக்கான்னு பாக்கமா இல்லையா?"

அவர் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்புவது என் வேலை. பாட்டிலிருந்து இருமலை மட்டும் எடுக்க ஒரு பட்டன் வேண்டும். கீழே வத்தல் கோடவுன் இருக்கிறது. குலவைக்கு மூன்று பட்டன் வேண்டும்: நெருங்கிய சொந்தம் ஒன்று, தூரத்துச் சொந்தம் ஒன்று, பந்திக்கு மட்டும் வந்தவர்கள் ஒன்று. வாடிக்கையாளர் 'ஒரு சின்னத் திருத்தம்' என்று வாயைத் திறந்ததும் கம்ப்யூட்டர் தானாக ஹேங் ஆகி நின்றுபோக ஒரு பட்டன். அதற்கு இரட்டை விலை தரத் தயார். குலவையை ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஓநாய், திருமணம் என்ற இரண்டு சொற்களும் அதில் வந்தன என்பது வரைக்கும் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் 'உங்கள் ஆலோசனைக்கு நன்றி' என்று எந்திரம் அனுப்புகிற பதில் வரும். அண்ணாச்சி நெகிழ்ந்துபோவார். "நம்மூர்ல எவன்லே ஒடனே நன்றி சொல்லுதான்?"

எங்கள் பிழைப்பு காதுகுத்துப் பாட்டு. தாய்மாமன் சீர்த்தட்டோடு ஊருக்குள் நுழையும்போது, அவர் பெயர் சொல்லி ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டு முழங்க வேண்டும். மெட்டு எப்போதும் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றுவோம். பெயரை நான் பாடி முடித்ததும் என் குரல் திரையில் பச்சைக் கோடாக ஓடும். அண்ணாச்சி காது கொடுத்துக் கேட்பார். மௌஸை நகர்த்தி அந்தக் கோட்டின் ஓரத்தில் இருந்த ஒரு பட்டன் மேல் நிறுத்துவார். கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்பார். அது பாராட்டு என்றே பல காலம் நம்பினேன்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் வந்தார். பட்டாசு கம்பெனியில் வேலை. எத்தனை தேய்த்துக் கழுவியும் விரல் நகத்தோரம் மருந்துப்பொடி வெள்ளியாக மின்னியது. மகனுக்குக் காதுகுத்து. அண்ணன்மார் இரண்டு பேர்: பெரியவர் மாரியப்பன், சின்னவர் கருப்பசாமி. கோயிலில் வெட்டிய கிடாயின் தொடைக்கறி யாருக்கு என்பதில் பேச்சு நின்று, வருடங்கள் ஆகியிருந்தன.

"பெரியண்ணன் தன் பேரு முந்தி வரணுங்குது. கடுக்கன் நான்தான போடுதேன், எம்பேருதான் முந்தி வரணும்னு சின்னண்ணன் நிக்கிது. பிந்தி வந்த ஆளு சீர்த்தட்டோட திரும்பிருவாக அண்ணாச்சி."

"அப்ப பேரே போடாம விட்டுருவோமா தாயி?"

"ரெண்டு பேருமே திரும்பிருவாக."

கீழே மூட்டை உருட்டினார்கள். பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வத்தல் நெடியால் இல்லை.

"அய்யாவும் போயாச்சு, ஆத்தாவும் போயாச்சு. பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கது இவுக ரெண்டு பேருதான். ஒருத்தர் திரும்பிப் போனாலும் பாதி வாசல் அடைச்சுரும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கவிஞரே, எழுதுங்க. எல்லாப் பேரும் முதல்ல வாற மாதிரி ஒரு பட்டன். இத மட்டும் போட்டுட்டான்னா அன்னிக்கே காசு. இது என் வாக்குன்னும் சேத்து எழுதுங்க."

எழுதினேன். ஆலோசனைக்கு நன்றி வந்தது. பட்டன் வரவில்லை. விசேஷம் நெருங்கிவிட்டது.

பிறகு அண்ணாச்சிக்கே ஒரு யோசனை பிறந்தது. பெரியவர் வேப்பமரத்துப் பக்கமாக வருவார், சின்னவர் கண்மாய்ப் பக்கமாக வருவார். ஸ்டீரியோ பாட்டின் இடப்பக்கத்தில் மாரியப்பன் முதலில், வலப்பக்கத்தில் கருப்பசாமி முதலில். இடத்துச் சத்தம் மரத்துக் குழாய்க்கு, வலத்துச் சத்தம் கண்மாய்க் குழாய்க்கு. நல்லவேளையாக இரண்டு பெயரும் ஒரே நீளம். நான் இரண்டு வகையாகவும் பாடினேன். திரையில் இரண்டு பச்சைக் கோடுகள். அண்ணாச்சி மௌஸை இரண்டின் ஓரத்துக்கும் கொண்டுபோய் நிறுத்தி, பெருமூச்சு விட்டு, "இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தபடி இருந்தன. பெரியவர் தன் பெயருக்கு முன்னால் 'சிங்கம்' போடச் சொன்னார். சேதி தெரிந்து சின்னவர் 'வேங்கை' கேட்டார். அது தெரிந்ததும் பெரியவர், சிங்கத்தைவிடப் பெரிதாக என்ன இருக்கிறது என்று ஆள் விட்டுக் கேட்டார். யானை இருக்கிறது, ஆனால் அது பாட்டில் உட்காரவில்லை. விசேஷத்துக்கு முதல்நாள் வரை கம்ப்யூட்டர் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

விசேஷத்தன்று சிடியை மைக்செட் சுப்பையாவிடம் கொடுத்தோம். இரண்டு பக்கமும் மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. அவன் பாட்டைப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி கேட்டார்.

"ஏலே, மரத்துக் கொழாவுக்கு எடப்பக்கம், கம்மாக் கொழாவுக்கு வலப்பக்கம்தான குடுத்துருக்க?"

"எடம் ஏது, வலம் ஏது அண்ணாச்சி? இருக்கது ஒரே ஆம்ப்ளிஃபயரு. எத்தன கொழா கட்டுனாலும் எல்லாத்துலயும் ரெண்டும் கலந்து ஒரே சத்தந்தான் வரும்."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஓடுவதற்கு வசதியாக.

பெயர் வருகிற இடம் வந்தது. இரண்டு குழாயிலும் இரண்டு பெயர்களையும் ஒரே நொடியில் நான் கத்தினேன். சிங்கமும் வேங்கையும் கட்டிப் புரண்டன. பந்தலில் ஒரு கிழவர், "பாடுறவருக்குத் திக்குவாயோ, பாவம்" என்றார்.

பெரியவர் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டோடு நடுவில் அசையாமல் நின்றார். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். மீசையை ஒருமுறை நீவினார்.

"கேட்டியாலே? நம்ம பேருதான் முந்தி" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

கண்மாய்ப் பக்கத்தில் சின்னவரும் தன் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் பேருதான் மொதல்ல வந்துச்சு. அவுக பேரு லேசாப் பின்னால ஒரசுனாப்புல கேக்குது, போகட்டும்."

இரண்டு சீர்த்தட்டும் பந்தலுக்குள் வந்தன. பிள்ளைக்கு ஒரு காதைப் பெரிய மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள், மறு காதைச் சின்ன மாமன் மடியில். பேச்சியம்மாள் போட்ட குலவை எந்தப் பட்டனிலும் அடங்காது.

பஸ்ஸில் திரும்பினோம். ஆமத்தூர் தாண்டியதும் அண்ணாச்சி சொன்னார்.

"கவிஞரே, அந்தப் பட்டன் கம்ப்யூட்டர்ல இல்ல. அவனவன் காதுலயே இருக்கு. வெள்ளக்காரனுக்கு எழுதிருங்க, இனிமே தேட வேண்டாம்னு."

அடுத்த வாரமே சென்னையில் இருந்த மைத்துனர் மூலம் முழுக் காசையும் கட்டி மென்பொருளை வாங்கிவிட்டார். கம்பெனி எதையுமே செய்யவில்லையே என்றேன். "கேட்டது நடந்தா காசுன்னு வாக்குக் குடுத்தாச்சு. எவன் நடத்துனா என்ன?" என்றார். அதற்குப் பிறகும் கம்ப்யூட்டரை மட்டும் அவர் அணைக்கவில்லை. சேமித்தாகிவிட்டது என்று திரை சொல்லும். "அவன் சொல்லுதான். நம்ம எப்படி நம்புறது?"

அண்ணாச்சி இப்போது இல்லை. கோடவுன் மாடியில் இன்று கூரியர் ஆபீஸ். அந்தப் படியருகே போனால் வத்தல் நெடியில் எனக்குக் கண் கலங்கும். நெடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அண்ணன்மார் சுகமா என்று கேட்டேன்.

"இன்னும் பேசிக்கிட மாட்டாக. ஆனா நல்லது கெட்டதுக்கு ரெண்டு பேருமே வந்துருதாக. எல்லாம் அண்ணாச்சி போட்ட பாட்டு சார்." பாடியது நான் என்பது அவருக்குத் தெரியாது. "பாட்டு அம்புட்டு நல்லாருந்துச்சு. நடுவுல ஒரு ஆளு கத்திக்கிட்டே இருந்தாரு பாருங்க, அதுதான் எடைஞ்சலு. அந்த ஆள மட்டும் எடுக்கக் கம்ப்யூட்டர்ல பட்டன் இல்லையான்னு பொறவு அண்ணாச்சிகிட்டயே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'பட்டன் இருக்கு தாயி, அமுக்கத்தான் மனசு வரல'ன்னாரு."